வடக்குக் காற்று அடிக்கும் நாட்கள்

வெயிலில் காயும் யூகலிப்டஸ் இலையின் வாசனையோடு வடக்கிலிருந்து வறண்ட காற்றும் கிளம்பிவிட்டால், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து மலையடி ஊர்களில் ஆட்கள் பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் சளிக்கு மார்பில் தேய்க்கும் நீலகிரித் தைலத்தின் வாசனைதான் அது. 1840களில் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட தைலமரத்தின் பூர்வீகம் டாஸ்மேனியாவும் விக்டோரியாவின் தென்பகுதியும். இங்கே மூக்கடைப்பைத் திறக்கும் அதே எண்ணெய், பிறந்த மண்ணில் காட்டுத்தீக்கு எரிபொருள். அந்த ஊர்களில் வளர்ந்து வேறு நகரங்களுக்குப் போய்விட்டவர்களுக்கும் அந்த வாசனை மறப்பதில்லை. எங்கோ ஒரு பூங்காவில் காய்ந்த சருகை மிதித்தால் போதும், சிறுவயதுக் கோடைகள் வரிசையாக வந்து நிற்கும்.

மெல்பர்ன் நகரத்துக்கு வடகிழக்கே கிங்லேக், ஸ்ட்ராத்தூவன், செயின்ட் ஆண்ட்ரூஸ், மேரிஸ்வில் என்று மலைமேலும் மலையடியிலும் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. நகரத்து வேலைக்குத் தினமும் போய்வரும் தூரம்தான். மரநிழலும் பறவைச் சத்தமும் கிடைக்கும் என்று வீடு வாங்கியவர்கள் பலர். கோடையில் உள்நாட்டுப் பாலைவெளியில் சூடேறிய காற்று தெற்கே கடலை நோக்கி இறங்கும். ஈரப்பதம் ஒற்றை இலக்கத்துக்கு விழும். மாலையில் தென்மேற்கிலிருந்து குளிர்காற்று திரும்பும். வெளியூர்க்காரர்கள் அப்பாடா என்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அதுதான் பயம். வடக்குக் காற்று விரட்டி ஓடிய தீ நீண்டு ஒடுங்கியிருக்கும். அதன் முகம் சிறியது, விலாப்பக்கம் பல மைல் நீளம். காற்று திசை மாறியதும் அந்த விலாப்பக்கம் முழுவதும் முகமாகிவிடும். ‘தீ நம் பக்கம் வரவில்லை’ என்று மதியம் நிம்மதியாக இருந்த ஊர், மாலையில் எரிந்துபோவது இப்படித்தான்.

பழைய தலைமுறைக்குத் தீயணைப்புக் கருவி என்றால் நனைத்த கோணிச்சாக்கு. பண்ணைவீட்டின் பின்கட்டில் கோடை முழுவதும் ஒரு தண்ணீர்ப் பீப்பாயும், அதன் விளிம்பில் மடித்துப் போட்ட சாக்குகளும் இருக்கும். புல்வெளியில் பற்றும் தீயை அடித்து அணைக்க அது போதும். காட்டுக்குள்ளே மர ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு அது எந்த மூலைக்கும் காணாது. அவர்கள் பெண்டு பிள்ளைகளோடு மரங்களுக்கு நடுவிலேயே குடியிருந்தார்கள். 1939 ஜனவரி 13, ‘கறுப்பு வெள்ளி’ என்று பேர் பெற்ற நாள். அந்த ஜனவரித் தீயில் விக்டோரியாவில் 71 பேர் இறந்தார்கள். சில ஆலைகளில் நிலத்தைக் குடைந்து, மேலே மரத்தடிகளும் மண்ணும் போட்டு மூடிய பதுங்குகுழிகள் இருந்தன. அவற்றில் ஒண்டியவர்கள் வாசலில் நனைத்த கம்பளியைத் தொங்கவிட்டு, அது காயக் காயத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். பலர் பிழைத்தது அப்படித்தான். மேட்லாக் காட்டில் ஒரு மர ஆலையில் 15 பேர் மாண்டார்கள். ஈரக் கம்பளியைப் போர்த்திக்கொண்ட ஒருவர் மட்டும் உயிரோடு மீண்டார்.

அந்தக் கம்பளி இன்றும் போகவில்லை. அந்த வட்டாரத்தில் கார் டிக்கியைத் திறந்தால், மளிகைப் பைகளுக்கு அடியில் சாம்பல்நிறக் கம்பளி ஒன்று மடித்து வைத்திருப்பதைப் பார்க்கலாம். கம்பளி எளிதில் பற்றாது, நைலான்போல உருகித் தோலில் ஒட்டாது, அனல்வீச்சைத் தாங்கும். காட்டுத்தீயில் பெரும்பாலும் உயிரைக் கொல்வது சுடரைவிட அந்த அனல்வீச்சுதான். நெருப்பு உடலைத் தொடுவதற்கு வெகுமுன்பே அது ஆளைச் சாய்த்துவிடும். அதனாலேயே முழுக்கை பருத்திச் சட்டை, கனத்த கால்சட்டை, தோல் பூட்ஸ் என்று கொளுத்தும் வெயிலிலும் உடம்பை மூடச் சொல்கிறார்கள். அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாகத் தோட்டக் குழாயைப் பிடித்துக்கொண்டு வீட்டைக் காக்க நின்றவர்களின் படங்கள் பழைய பத்திரிகைகளில் நிறைய உண்டு. பார்க்கும்போது வீரமாகத்தான் இருக்கும்.

1939 தீயை விசாரித்த நீதிபதி லெனார்ட் ஸ்ட்ரெட்டன், அதை மூட்டியவை மனிதக் கைகளே என்று எழுதிவைத்தார். மேய்ச்சலுக்காக, நிலம் திருத்துவதற்காக, வழி உண்டாக்குவதற்காக வைத்த சின்னச் சின்னத் தீக்கள் சேர்ந்துதான் பெருந்தீயாயின. அந்த விசாரணையும் 1944இல் வந்த இன்னொரு தீயும் சேர்ந்து, நாட்டுப்புறத் தீயணைப்பு ஆணையம் உருவாகக் காரணமாயின. ஊழியர்களைவிடத் தன்னார்வலர்கள் பல மடங்கு அதிகமாக உள்ள அமைப்பு அது. ரொட்டிக்கடைக்காரர், பள்ளி ஆசிரியர், மெக்கானிக் என்று ஊரில் இருப்பவர்களே அதன் வீரர்கள். சாலையோரத்தில் ஒரு தகரக் கொட்டகை, உள்ளே ஒரு லாரி, கொட்டகை மேல் ஒரு சங்கு. சங்கு ஊதினால் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார்கள். பின்னாலேயே பெண்கள் ஊர் மண்டபத்தில் கூடி ரொட்டியில் வெண்ணெய் தடவத் தொடங்குவார்கள். தீயணைத்து வருகிறவர்களுக்குச் சாப்பாடும் தேநீரும் தயாராக வேண்டுமே. தபால் ஆபீசில் தொலைபேசி இணைப்பு கொடுக்கும் பெண்மணிக்கு யார் வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்கு நடக்க முடியாது என்பதெல்லாம் அத்துப்படி. அந்த மாதிரி ஓர் ஆள் இருந்ததன் அருமை, தானியங்கித் தொலைபேசி வந்து அந்த வேலை போன பிறகுதான் தெரிந்தது.

இலையுதிர் காலத்தில், முதல் மழைக்குப் பிறகு, அக்கம்பக்கத்தார் சேர்ந்து சருகையும் புதரையும் மெல்ல எரிப்பது வழக்கம். ஆளுக்கொரு பல்வாரி, முதுகில் தண்ணீர்ப் பை, பிள்ளைகளுக்கு ஓரத்தில் நின்று தணலைப் பார்க்கும் வேலை. இப்படிக் குளிர்ந்த பருவத்தில் சிறுதீ வைத்து நிலத்தைப் பேணுவதைப் பூர்வகுடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகச் செய்துவந்தார்கள். குடியேறியவர்கள் அவர்களை அந்த நிலத்திலிருந்து விரட்டியபோது அந்த அறிவும் பெரும்பாலும் விரட்டப்பட்டது. இப்போதுதான் அரசு அவர்களை அழைத்துக் கேட்கிறது.

1983 பிப்ரவரி 16, ‘சாம்பல் புதன்’. விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் சேர்த்து 75 பேர் இறந்தார்கள். அப்பர் பேக்கன்ஸ்ஃபீல்டில் காற்று திசை மாறியபோது இரண்டு லாரிகளின் தன்னார்வலர்கள் 12 பேர் சிக்கி மாண்டார்கள். தீயணைப்பு லாரிகளில் தண்ணீர்த் தெளிப்பான், அனல் தடுக்கும் திரை, ஆளுக்கொரு கம்பளி என்பதெல்லாம் வந்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட இழப்புகள் இருக்கின்றன. அந்தத் தீக்குப் பிறகு ஆராய்ச்சியாளர்கள் எரிந்த வீடுகளையும் எரியாத வீடுகளையும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார்கள். பெரும்பாலான வீடுகளைச் சுடர் அலை வந்து விழுங்கவில்லை; காற்றில் பறந்துவந்த கங்குகள் எங்கோ ஓர் இடுக்கில் உட்கார்ந்து, மெதுவாகப் பற்றி, பிறகே வீட்டைத் தின்றிருந்தன. அந்த நேரத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு யாராவது இருந்திருந்தால் பல வீடுகள் நின்றிருக்கும்.

கங்கு எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். அந்தக் காட்டு மரங்களில் ஒருவகைக்குப் பட்டை நார்நாராக இருக்கும். இன்னொரு வகைக்கு ஆளுயர நாடாக்களாக உரிந்து தொங்கும். நார் பற்றினால் பொறிமழை. நாடா பற்றினால் சுருண்டுகொண்டு, உள்ளே கனன்றபடி, புகைத்தூணோடு மேலே ஏறி, இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்க்கூட விழும். வீட்டில் அது தேடும் இடங்கள் அற்பமானவை: வாசல் மிதியடி, சுவரோரம் அடுக்கிய விறகு, மரத்தாலான முன்தளத்தின் இடைவெளி, ஓட்டுக்கு அடியில் விரலளவு சந்து, எல்லாவற்றுக்கும் மேலாகக் கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் தகரப் பீலியில் சேர்ந்த சருகு. கோடை தொடங்கும் முன் ஏணி போட்டு ஏறிப் பீலியை அள்ளிச் சுத்தம் செய்வது அந்த ஊர்களில் வீட்டுக்கு வீடு நடக்கும் வேலை. தீ நெருங்கும் நாளில் பீலியிலிருந்து இறங்கும் குழாயின் வாயில் ஒரு டென்னிஸ் பந்தையோ கந்தல் துணியையோ திணித்து, பீலி நிறையத் தண்ணீர் விடுவார்கள். பந்து திணிப்பதைப் பிள்ளைகள் விளையாட்டாகவே கற்றுக்கொள்ளும்.

தண்ணீரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தீ வரும்போது முதலில் போவது மின்சாரம். அதோடு மின்மோட்டார் நின்றுவிடும், குழாய்த் தண்ணீரின் வேகம் குறைந்துவிடும், செல்போன் கோபுரமும் மௌனமாகிவிடும். ஆகவே தனியாகத் தொட்டி, டீசலிலோ பெட்ரோலிலோ ஓடும் பம்பு, மண்ணுக்கு மேலே உலோகக் குழாய். பிளாஸ்டிக் குழாய் இளகிவிடும். பிளாஸ்டிக் தொட்டியோ தண்ணீர் மட்டம் வரை நிற்கும், அதற்கு மேலே உருகும். இப்போது இப்பகுதிகளில் புதிதாகக் கட்டும் பெரிய மனை வீடுகளுக்குத் தீயணைப்புக்கென்று 10,000 லிட்டர் ஒதுக்கச் சொல்கிறார்கள். தீயணைப்பு லாரியின் குழாய் பொருந்தும்படி 64 மில்லிமீட்டர் இணைப்பும் வேண்டும். பழைய பெரியவர்கள் குளியல் தொட்டியை நிரப்பி, பக்கத்தில் வாளியும் தரை துடைக்கும் மாப்பும் வைப்பார்கள். பல வீடுகளைக் காப்பாற்றியது அந்த மாப்புதான்.

1990களில் தீயணைப்பு ஆணையம் தெருத்தெருவாகச் சிறு குழுக்களை உருவாக்கியது. யாராவது ஒருவர் வீட்டுக் கார் கொட்டகையில் மடக்கு நாற்காலிகளைப் போட்டு, கேக்கும் தேநீரும் வைத்துக்கொண்டு கூடுவார்கள். வந்திருக்கும் அலுவலர் வரைபடத்தை விரித்துவிட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவார்: உங்கள் வீட்டுக்கு லாரி வரும் என்று நம்பாதீர்கள், அத்தனை லாரி எந்த நாட்டிலும் கிடையாது. பிறகு கேள்விகள் வரும். “செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணி. காரை வீட்டுக்காரர் வேலைக்கு எடுத்துப் போயிருக்கிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். மாமியாருக்கு மூட்டுவலி, படி இறங்க முடியாது. மலைக்கு அந்தப் பக்கம் புகை தெரிகிறது. என்ன செய்வீர்கள்?” அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் தேநீர்க் கோப்பையைப் பார்ப்பார்கள். தங்கலாம் என்று கணவரும், போய்விடலாம் என்று மனைவியும் பல வருஷமாக மனசுக்குள்ளேயே வைத்திருந்தது அந்தக் கொட்டகையில்தான் வெளியே வரும். கூட்டம் முடியும்போது ஆளுக்கொரு தாள் கிடைக்கும்: யார் யாருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்ற வரிசை. அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டிவைப்பார்கள். வருஷா வருஷம் குடிமாறியவர் பேரை அடித்து, புதிதாக வந்தவர் பேரைப் பேனாவால் எழுதி, அந்தத் தாள் கசங்கிப் பழுப்பேறும்.

அந்தக் கூட்டங்களில் சொல்லிக்கொடுத்த கொள்கை ஒன்றுதான். நன்றாகத் தயார்செய்து தங்கி வீட்டைக் காப்பாற்று. இல்லையென்றால் சீக்கிரமே கிளம்பிவிடு. கடைசி நேரத்தில் ஓடாதே. சாம்பல் புதனன்று பலர் இறந்தது புகைக்குள் காரோட்டித் தப்ப முயன்றபோதுதான் என்பதால் அதில் நியாயம் இருந்தது. ஆனால் ‘தங்கு’ என்ற பாதி எல்லார் காதிலும் விழுந்தது. அதன் முன்னால் நின்ற ‘நன்றாகத் தயார்செய்து’ என்பது பாதிப்பேர் காதில்தான் விழுந்தது.

2009 பிப்ரவரி 7, சனிக்கிழமை. முந்தைய வாரத்திலேயே மெல்பர்னில் தொடர்ந்து மூன்று நாள் 43 டிகிரிக்கு மேல் கொளுத்தியிருந்தது. மாநில வரலாற்றிலேயே மிக மோசமான நாளாக இருக்கலாம் என்று முதல்வர் ஜான் பிரம்பி முதல் நாளே எச்சரித்தார். அன்று மெல்பர்னில் 46.4 டிகிரி. தீ அபாயத்தை அளக்கும் குறியீட்டில் 100 என்பது, 1939 வெள்ளிக்கிழமை நிலவரத்தை உச்சமாக வைத்து ஏ.ஜி. மக்ஆர்தர் வகுத்த அளவு; அன்று பல இடங்களில் அது 100ஐ வெகுவாகத் தாண்டியது. மதியத்துக்குச் சற்று முன் கில்மோர் ஈஸ்ட்டில் ஒரு மின்கம்பி அறுந்து விழுந்தது. அந்தத் தீ மலையேறி மாலைக்குள் ஸ்ட்ராத்தூவனையும் கிங்லேக்கையும் எட்டிவிட்டது. பலருக்கு எச்சரிக்கை வந்து சேர்வதற்கு முன்பே தீ வந்து சேர்ந்தது. காற்று திரும்பிய பிறகு, வேறொரு தீ மேரிஸ்வில்லை ஏறக்குறைய முழுவதுமாக அழித்தது. அன்று இறந்தவர்கள் 173 பேர். அவர்களில் 119 பேரைக் கொண்டுபோனது கில்மோர் ஈஸ்ட் தீ. எரிந்த வீடுகள் 2,000க்கு மேல்.

நீதிபதி பெர்னார்ட் டீக் தலைமையிலான ஆணையம் ஒவ்வொரு சாவையும் தனித்தனியாக ஆராய்ந்தது. அதன் 2010 அறிக்கையைப் படிப்பது எளிதல்ல. 113 பேர் வீடுகளுக்குள்ளேயே இறந்திருந்தார்கள். குளியலறையில் தண்ணீர் இருக்கும், ஓடு பதித்த சுவர் இருக்கும் என்று அங்கே ஒண்டியவர்கள் பலர். அந்த அறைக்கு வெளியே போக வேறு வழி இல்லை. தீமுகம் ஒரு வீட்டைக் கடக்கச் சில நிமிஷம்தான் ஆகும். அதுவரை வெளிக்கதவு உள்ள அறையில் இருந்து, சன்னலையும் மோட்டையும் மாறி மாறிப் பார்த்து, விழுந்த கங்கை அணைத்து, வீடு எரியத் தொடங்கினால் ஏற்கெனவே எரிந்து முடிந்த தரைக்குப் போய்விட வேண்டும். சும்மா ஒளிந்திருப்பது தங்குவது ஆகாது. இறந்தவர்களில் குழந்தைகளும் எழுபதைக் கடந்தவர்களும் நோயாளிகளும் பாதியை நெருங்கினார்கள். ‘பார்த்துக்கொண்டு முடிவு செய்யலாம்’ என்று இருந்தவர்களும் நிறைய.

அதன் பிறகு வழக்கங்கள் வேகமாக மாறின. அபாய அளவுகோலில் உச்சிக்கும் மேலே இன்னொரு படி சேர்ந்தது. 2022இல் நாடு முழுவதற்கும் நான்கே படிகள் என்று அதைச் சுருக்கினார்கள். சாலையோரத்தில் அரைவட்டப் பலகையில் அம்புக்குறியைத் தன்னார்வலர் கையால் நகர்த்திய இடத்தில் இப்போது பல ஊர்களில் மின்பலகை. எச்சரிக்கை செல்போனுக்கே வருகிறது. பேஜர் வந்தபோது வாயடைக்கப்பட்ட சங்கை, மறுபடி ஊதவிடுங்கள் என்று ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கினார்கள். கோபுரம் விழுந்தாலும் சங்கு கேட்கும். முன்பு வீட்டைச் சுற்றி மரம் வெட்டியதற்காக அபராதம் கட்டியவர்கள் உண்டு. இப்போது தீ அபாயமுள்ள பல இடங்களில், பழைய வீட்டைச் சுற்றி 10 மீட்டருக்குள் எந்த மரத்தையும், 30 மீட்டருக்குள் புதர்களையும் அனுமதியின்றியே அகற்றலாம். மரநிழலுக்காகக் குடிவந்தவர்களுக்கு இது கசக்கத்தான் செய்கிறது. மர ஆலைப் பதுங்குகுழியும் திரும்பி வந்திருக்கிறது, காங்கிரீட்டும் எஃகுக் கதவுமாக, கட்டட அனுமதியோடு. ஊர் மைதானங்கள் சிலவற்றில் ‘கடைசிப் புகலிடம்’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். அங்கே சோறும் இல்லை, கூரையும் இல்லை, லாரி வரும் என்ற உறுதியும் இல்லை. எரிய எதுவும் இல்லாத வெட்டவெளி, அவ்வளவுதான்.

2019 டிசம்பர் 31 காலையில், கடற்கரை ஊரான மல்லகூட்டாவில் ஏறக்குறைய 4,000 பேர் கரையோரத்தில் திரண்டு நின்றார்கள். பலர் விடுமுறைக்கு வந்தவர்கள். விடியவேண்டிய நேரத்தில் வானம் கறுத்து, பிறகு சிவந்தது. படகுகளில் ஏறித் தண்ணீரில் காத்திருந்தவர்களும் உண்டு. ஒரே சாலை அடைபட்டுவிட்டதால், சில நாள் கழித்து ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கடற்படைக் கப்பல் ஏற்றிச் சென்றது. கம்பளியும் முகக்கவசமும் அங்கேயும் கைகொடுத்தன.

இப்போது நடக்கும் கூட்டங்களில் பம்பைவிடப் பையைப் பற்றித்தான் பேச்சு அதிகம். அடையாள அட்டை, மருந்துச் சீட்டு, மூக்குக்கண்ணாடி, பேட்டரி ரேடியோ, நாய்க்குக் கழுத்துப்பட்டை, பூனைக்குக் கூண்டு. குதிரையை வண்டியில் ஏற்ற மணிக்கணக்காகும் என்பதால் குதிரை உள்ளவர்கள் எல்லாருக்கும் முன்னால் கிளம்ப வேண்டும். நகரத்தில் யார் வீட்டில் தங்குவது என்பதையும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். கோடையில் நாலைந்து முறை போய் நின்றால் எந்த உறவினருக்கும் சலிப்புத் தட்டும்; கிளம்பிப் போய் ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்தவர்களைப் பக்கத்து வீட்டார் கேலி செய்வதும் உண்டு. உச்ச அபாய நாட்களில் அந்தப் பகுதிப் பள்ளிக்கூடங்களை மூடுகிறார்கள். பிள்ளைகள் வீட்டிலேயே இருப்பதால் தாய்தகப்பன் கிளம்புவதும் எளிதாகிறது. தீயணைப்பு அதிகாரிகளின் அறிவுரையில் இன்று மிச்சம் வைத்துப் பேசுவது ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட நாளைத் தாங்கும்படி வீடுகள் கட்டப்படவில்லை; எவ்வளவு தயார்செய்த வீட்டிலும் தங்கக் கூடாது. கிளம்ப வேண்டிய நேரம் முதல் நாள் இரவு, தவறினால் அன்று விடியற்காலை.